இன்னொருதரம் அக்காவின் கிண்ணங்கள்

கிண்ணத்தில் இருக்கும் மீன்குஞ்சுகளை எண்ணி முடித்ததும் அக்கா அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நோட்டிலும் எழுத மாட்டார். மேசை ஓரத்தில் அடுக்கியிருக்கும் காகிதத் துண்டுகளில் ஒன்றை எடுத்து, இடது உள்ளங்கையால் மறைத்தபடி எழுதி, நான்காக மடித்து, வெள்ளைக் கோட்டின் இடப்பக்கப் பைக்குள் போட்டுக்கொள்வார். பிறகு கிண்ணத்தை அரைச்சுற்றுத் திருப்பி வைப்பார். எழுந்து ஜன்னல் வரை போவார். கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணை உதறிவிட்டு வருவதற்கான நடை அது. எதிர்க் கட்டடத்தின் மேல் தண்ணீர்த் தொட்டிகளையோ, அவற்றின் மேல் உட்காரும் பறவைகளையோ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து, யாரோ புதிதாகக் கொண்டுவந்து வைத்த கிண்ணம் போல அதையே மறுபடி எண்ணுவார். இரண்டாவது துண்டு வலப்பக்கப் பைக்குப் போகும். அதன் பிறகுதான் இரண்டு துண்டுகளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரியும். எண் ஒன்றாக இருந்தால் நோட்டில் ஏறும். ஒன்றே ஒன்று வித்தியாசப்பட்டாலும் இரண்டும் கிழிந்து கூடைக்குப் போகும். அப்போது அவர் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தை.

"இன்னொருதரம்."

ஆய்வகம் இருந்த அந்த மூன்றாவது மாடியில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "இன்னொருதரம் அக்கா எங்க?" என்றுதான் கேட்பார்கள். ஸ்டோர் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் இடுப்பில் எந்நேரமும் ஒரு கொத்துச் சாவி தொங்கும். அதனால் அவர் பெயர் சாவி. அவருக்கு அக்காவைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"அக்கா வீட்டுக்குப் போனா, புருஷன் ஒருத்தர்தானான்னு ரெண்டு தரம் எண்ணிப் பாப்பாங்க, தெரியுமா?"

"ஒரு தரம்தான் எண்ணுவேன். ரெண்டாவது தரம் எண்ணுற வரைக்கும் அந்த ஆள் ஒரு எடத்துல நிக்கணுமே. மேல இருப்பார், இல்ல கீழ இருப்பார்."

அவர் கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளிப் படிப்போடு, கண்ணாடிச் சாமான்களைச் சுத்தம் செய்யும் வேலைக்காக அந்த ஆய்வகத்துக்குள் வந்தவர். ஒருநாள் எண்ண வேண்டிய மாணவி காய்ச்சலில் படுத்துவிட, "நீ கொஞ்சம் பாரேன்" என்று பேராசிரியை சொன்னார். அன்று நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர்தான். அந்த நீள அறையில், சுவரெங்கும் தொட்டிகள் குமிழ்விடும் ஓயாத சத்தத்துக்கு நடுவே, ஒரு காலுக்கு அட்டை முட்டுக்கொடுத்த முக்காலியில் அவர் உட்கார்ந்து எண்ணியவை எத்தனை ஆயிரம் குஞ்சுகள் என்பதை மட்டும் யாரும் எண்ணவில்லை.

இதையெல்லாம், வெளியூர் ஆய்வகத்திலிருந்து வந்திருந்த இளைஞன் பிறகுதான் தெரிந்துகொண்டான். முதல்நாள் அந்த அறைக்குள் நுழையும்போது அவனுக்குத் தெரிந்தது பையில் இருந்த இரண்டு காகிதங்கள் மட்டும். ஒன்று, இந்த ஆய்வகம் எழுதிய கட்டுரை. வால் நுனி வெட்டப்பட்ட மீன்குஞ்சுகளை, ஒருவகைப் பாசிச் சாற்றில் சில துளி கலந்த நீரில் விட்டால், ஐந்தாறு நாளில் வளர வேண்டிய வால் மூன்றே நாளில் முழுசாக வளர்ந்துவிடுகிறது என்று சொல்லும் கட்டுரை. ஊரெல்லாம் பேசப்பட்டது. வேறொரு ஊரில், அவன் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், எட்டு மாதத்தில் நான்கு தரம் அதைச் செய்துபார்த்தான். நான்கு தரமும் வளரவில்லை.

இரண்டாவது காகிதம், அவனுடைய மேலதிகாரி ஆய்விதழுக்கு எழுதி வைத்திருந்த கடிதம். 'கட்டுரையில் உள்ள எண்ணிக்கைகள் நம்பத்தக்கவையாக இல்லை' என்பது அதன் நடுவரி. பன்னிரண்டு நாள் இங்கே தங்கி, கண்ணெதிரே செய்துபார்த்தும் வராவிட்டால் அது அஞ்சலில் போகும். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

"நாலு தரம் செஞ்சு பாத்தாராம். வரலையாம்," என்று பேராசிரியை அவனை அக்காவிடம் கொண்டுவந்து நிறுத்தினார். "எண்ணினது பூரா இவங்கதான் சார். எதுவா இருந்தாலும் இவங்களைக் கேட்டுக்கோங்க."

அந்தச் சொல்லில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கொஞ்சம் கைகழுவலும் இருந்தது.

பேராசிரியை போனதும் அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் கூச்ச சுபாவம். தரையைப் பார்த்தான்.

"சார், கடுதாசி ஒண்ணு தயாரா இருக்காமே. அதுல என் பேரு இருக்கா?"

"இல்லக்கா. எண்ணிக்கைன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப நான்தான்," என்றார் அக்கா.

*

முதல் சுற்றை அக்காவே செய்தார். பத்துக் கண்ணாடிக் கிண்ணங்கள், கிண்ணத்துக்கு இருபத்துநான்கு குஞ்சுகள். ஐந்தில் பாசிச் சாறு, ஐந்தில் வெறும் நீர். எதில் எது என்று அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அவன் புட்டிகளின் பெயர்களை மறைத்துக் குறியீடு ஒட்டினான். அதுவரை அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, கைகட்டி நின்றார்.

மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவன் கொஞ்ச நேரம் அதை எடுக்கவே இல்லை.

நான்கு தரம் செய்தும் அவன் அதைப் பார்த்ததில்லை. வெட்டிய இடத்திலிருந்து விரிந்திருந்தது, கண்ணாடியில் விட்ட மூச்சு போல ஒரு வால். அதன் விளிம்பு எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. மூன்று நாளுக்கு முன் இல்லாத ஒரு குழாய் வழியாக இரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பழக்கப்பட்ட தெருவில் வீட்டுக்குப் போகிறவர்கள் போலப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. அவன் மூச்சு பட்டு லென்ஸ் மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"பாத்தது போதும், வால் வளந்ததை எண்ணுங்க," என்றார் அக்கா.

எண்ணினான். துண்டில் எழுதினான். அவர் துண்டோடு வைத்துப் பார்த்தபோது ஒன்று அதிகமாக இருந்தது.

"இன்னொருதரம்."

ஓடிக்கொண்டே இருந்த ஒரு குஞ்சை இரண்டு தரம் எண்ணியிருக்கிறான். காது சூடாகிவிட்டது. அதற்குமேல் ஒவ்வொரு கிண்ணத்தையும் இருவரும் தனித்தனியாக எண்ணினார்கள். குறியீட்டைப் பிரித்தபோது, சாறு கலந்த நூற்றிருபதில் நூற்றுமூன்றுக்கு வால் முழுசாக வளர்ந்திருந்தது. வெறும் நீரில் இருபத்திரண்டுக்கு.

"வந்துடுச்சுல்ல? டீ சொல்லட்டுமா?" என்றார் சாவி.

அக்கா முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. "நான் செஞ்சா வரும்னு எனக்குத்தான் தெரியுமே. இப்ப நீங்க செய்யுங்க சார். நான் தொடவே மாட்டேன்."

இரண்டாவது சுற்றை அவன் செய்தான். அக்காவுடைய அலமாரியிலிருந்த அதே பத்துக் கிண்ணங்கள், அதே தொட்டிக் குஞ்சுகள், அதே சாறு. கட்டுரையில் இருப்பதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினான். அவன் வேலையில் சுத்தக்காரன். அன்று அக்கா வருமுன்பே வந்து எல்லாவற்றையும் தயாராக அடுக்கி வைத்திருந்தான். அக்கா முக்காலியில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு பார்த்தார். அவன் குஞ்சுகளைக் குழாயில் உறிஞ்சும்போது மட்டும் ஒருமுறை அவர் தோள் தன்னால் முன்னே வந்தது.

மூன்றாம் நாள் எண்ணிக்கை, சாற்றில் பதினொன்று, வெறும் நீரில் ஒன்பது. அவனுடைய ஊரில் வந்த அதே ஒன்றுமில்லாமை.

தொட்டிகள் குமிழ்விட்டுக்கொண்டிருந்தன. சாவிதான் பேச்சை எடுத்தார், சமாதானம் சொல்கிற குரலில்.

"இதெல்லாம் கைராசி சார். சில பேர் கைக்குத்தான் வரும். அக்கா கை அப்படி."

அக்கா முக்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அந்த வார்த்தையை இன்னொருதரம் சொல்லாதீங்க."

"நான் பெருமையாத்தானேம்மா சொன்னேன்…"

"பொய்யின்னு சொன்னாலாவது நான் நின்னு சண்டை போடலாம். கைராசின்னு சொன்னா நான் யார்கூடப் போய்ச் சண்டை போடுறது? என் கைக்கு மட்டும் வரும்னா, அது எதுக்கு வருது? நான் செத்தா அதுவும் சேந்து சாகவா?"

சாவி சாவிக்கொத்தைப் பிடித்து அதன் சத்தத்தை அடக்கிக்கொண்டு வெளியே போனார்.

*

மிச்சம் இருந்தது ஐந்து நாள். ஒரே ஒரு சுற்றுக்குத்தான் இடம்.

அன்று பிற்பகல் முழுக்க அக்கா சொல்லச் சொல்ல அவன் எழுதினான். கட்டுரையில் பதினான்கு வரியில் அடங்கியிருந்த வேலை, அவர் வாயில் விரிந்துகொண்டே போனது. தண்ணீரை எப்போது பிடிப்பார், எவ்வளவு நேரம் சும்மா வைத்திருப்பார், குஞ்சுகளைக் குழாயிலிருந்து விடும்போது நுனி நீருக்குள் இருக்குமா வெளியே இருக்குமா, கிண்ணங்களை ஜன்னலிலிருந்து எத்தனை முழம் தள்ளி வைப்பார், மூடியை முழுக்க மூடுவாரா. ஒன்றைச் சொல்லும்போது அது இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. அவருக்கே வியப்பாக இருந்தது.

"இதையெல்லாம் நான் செய்யறேன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது தம்பி." சார் எப்போது தம்பி ஆனார் என்று இருவருக்குமே தெரியவில்லை. "வெட்டும்போது ஏதாவது முணுமுணுப்பேன். பாட்டு மாதிரி இருக்கும். அதையும் எழுதிக்கோங்க."

"என்ன பாட்டுக்கா?"

"அது எதுக்கு? மீனுக்குக் காது கேக்குமோ என்னவோ, உங்களுக்கு நல்லாவே கேக்கும். பாட மாட்டேன்."

எழுதியது அறுபத்துமூன்று வரி ஆனது. ஒரு கைக்குள் இத்தனை இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. பதினான்கு வரியைப் படித்துவிட்டு 'முழுசாகச் செய்தேன், வரவில்லை' என்று நான்கு தரம் எழுதியவன், தங்கியிருந்த விடுதி அறையில் அந்தத் தாள்களைக் கட்டில்மேல் பரப்பி, ஒவ்வொரு வரிக்கும் தான் செய்ததை எதிரில் எழுதினான். பெரும்பாலும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாதவற்றில் எதுவும் ஒரு வாலை வளரவிடாமல் தடுக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை அக்காவின் கணவருக்குப் பக்கத்துக் கட்டடத்தில் அவசர வேலை. ஆறாம் மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது. அதனால் அக்காவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே இறக்கிவிட்டுப் போனார். அக்கா கதவைத் திறந்தபோது அவன் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றிருந்தான். முழங்கை வரை நுரை.

"ஐயையோ, என்ன தம்பி பண்றீங்க?"

"கழுவுறேன்க்கா."

"எதை?"

"கிண்ணத்தை."

"என் கிண்ணத்தையா? சோப்புப் போட்டா?"

"ஆமா. போன தரமும் நான்தானே கழுவினேன். சோப்பு, பிரஷ், அப்புறம் ஏழு தரம் சுத்தத் தண்ணி. எங்க லேப்லயும் இப்படித்தான்."

"யாரு உங்களைக் கழுவச் சொன்னா?"

அவன் நுரைக் கையோடு மேசையில் இருந்த கட்டுரையைக் காட்டினான். "இதுலதானேக்கா இருக்கு. கிண்ணங்கள் நன்றாகக் கழுவப்பட்டன."

அக்கா அந்த அச்சிட்ட தாளை எடுத்துப் பார்க்கவில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் தன் அலமாரியைத் திறந்து, முனை மடங்கிய நீல அட்டை நோட்டு ஒன்றை எடுத்து, பக்கத்தைத் தேடிப் பிடித்து, அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒவ்வொரு நாள் வேலையும் ஒரே மாதிரித் தொடங்கியது. குனிந்த, குண்டான எழுத்தில்: 'கிண்ணம் பத்து. வெந்நீரில் நன்றாக அலசி, கவிழ்த்து வைத்தேன்.'

"அலசினேன்னு எழுதியிருக்கேன். கழுவினேன்னு எங்கயாவது இருக்கா? காட்டுங்க பாப்போம்."

அவன் பக்கங்களைப் புரட்டினான். அலசி. அலசி. அலசி. ஆண்டுக்கணக்கில் அலசி. ஓரிடத்தில் மட்டும் 'கழுவி' இருந்தது: 'தரையைக் கழுவி விட்டார்கள். ஈரம்.'

நோட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த மாணவர் எப்போதோ படிப்பை முடித்துப் போயிருந்தார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் பழகிய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வாஷ்' என்ற ஒரே சொல்தான். அந்த ஒரு சொல்லுக்குள் சோப்பு உண்டா இல்லையா என்று படிக்கிறவர்கள் யாரும் கேட்கவில்லை. ஆய்வகம் என்றால் சோப்பு இருக்கத்தானே செய்யும்? அவனும் கேட்கவில்லை. அலசுவது என்றால் என்ன என்று சின்ன வயதிலிருந்தே தெரிந்தவன் அவன்.

"ஏன்க்கா சோப்புப் போட மாட்டீங்க? ஏதாவது காரணம்…"

"காரணம் என்ன காரணம்? எனக்கு ஆகாது." அக்கா இரண்டு கைகளையும் புறம் திருப்பிக் காட்டினார். "வேலைக்குச் சேந்த முதல் வாரமே கை பூராத் தடிச்சுப் போச்சு. சோப்புத் தூள் பட்டா ரெண்டு நாள் சொறிஞ்சுக்கிட்டே இருப்பேன். சொன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்களோன்னு வெந்நீர்லயே அலசி வெச்சேன். கறையும் இல்ல, யாரும் கண்டுபிடிக்கலை. அப்படியே பழகிப்போச்சு. மாணவருங்க கிண்ணம் வேற அலமாரி. அவங்க சோப்புப் போடட்டும், பவுடர் போடட்டும், என் கிண்ணத்தை நான் யாருக்கும் தரதில்ல."

"வீட்ல?"

"வீட்ல அவர்தான். லிஃப்ட்டுக்கே கிரீஸ் போடுற கை, பாத்திரம் எம்மாத்திரம்?" சொல்லிவிட்டு அவர் பார்வை தொட்டியில் கவிழ்ந்திருந்த கிண்ணங்களுக்குப் போனது. "இருபத்திரண்டு வருஷமாச் சோப்புப் படாத கிண்ணம். பத்தையும் கெடுத்துட்டீங்களே பாவி!"

அவன் ஒரு கிண்ணத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பளிச்சென்று இருந்தது. ஏழு தரம் நீர் ஓடிய கண்ணாடி. முகர்ந்தான். மணம் இல்லை. விரலால் தேய்த்தான். கீச்சென்றது. கண்ணுக்கும் மூக்குக்கும் விரலுக்கும் தப்பிய ஏதோ ஒன்று அதில் இருக்குமானால், அதை அறியக்கூடியது ஒரு மீன்குஞ்சின் வால் மட்டும்தான்.

"இருக்குமாக்கா?"

"எனக்கென்ன தெரியும்? மீனைக் கேளுங்க."

கடைசிச் சுற்றை அவர்கள் மீனைக் கேட்பதற்கென்றே அமைத்தார்கள். கடையிலிருந்து பத்துப் புதுக் கிண்ணங்கள் வந்தன. அவற்றை வெந்நீரில் அலச மட்டும் செய்தான். கூடவே அவன் 'கெடுத்த' பத்து. எல்லாவற்றையும் அவனே செய்தான். அக்கா அறைக்குள்கூட வரவில்லை. எதில் எது என்று யாருக்கும் தெரியாதபடி குறியீடு ஒட்டியது சாவி. தன் கொத்திலிருந்த சாவிகளின் எண்களையே ஒட்டி, பட்டியலை ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் எண்ணி முடிக்க மத்தியானம் ஆனது. பேராசிரியையும் வந்து கதவோரம் நின்றார். அக்காவின் துண்டுகளும் அவனுடைய துண்டுகளும் மேசை நிறைய விரிந்தன. சாவி பட்டியலைப் படிக்கப் படிக்க அவன் கூட்டினான். சோப்பு பட்ட கிண்ணங்களில், சாறு பத்து, வெறும் நீர் எட்டு. அலசிய கிண்ணங்களில், வெறும் நீர் இருபது, சாறு தொண்ணூற்றொன்பது.

"நான் எண்ணினது சரிதான்," என்றார் அக்கா. யாரிடமும் சொல்லவில்லை, முக்காலியைப் பார்த்துச் சொன்னார். பிறகு அதில் உட்கார்ந்தார். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

உட்கார்ந்தபடியே கேட்டார்: "ஏழு தரம் அலசியும் போகலையா தம்பி?"

"போகலக்கா."

"மீனுக்கு எப்படித் தெரியுது?"

"தெரியலக்கா."

ஒருவர் மாற்றி ஒருவர் நுண்ணோக்கியில் குனிந்து, அந்த மூச்சளவு வால்களை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணுவதற்காக இல்லை.

*

பையிலிருந்த கடிதம் போகவில்லை. அதற்குப் பதிலாக, அறுபத்துமூன்று வரிகளும் அலசுவதற்கு ஒரு தனிப் பத்தியும் சேர்ந்த திருத்தம் ஒன்று ஆய்விதழுக்குப் போனது. ஊர் திரும்பி, புதுக் கிண்ணம் வாங்கி, ஐந்தாவது தரமாகச் செய்தான். வளர்ந்தது. முன்பின் தெரியாத மூன்று ஊர்களிலும் வளர்ந்தது. ஒவ்வொரு செய்தி வரும்போதும் அவன் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டான். "அவங்க கைக்கும் வந்துச்சா? நல்லது," என்பார். குரலில் ஒரு நிம்மதி இருக்கும்.

ஒன்றரை ஆண்டு கழித்து, அதே ஆய்விதழின் கடைசிப் பக்கங்களில் ஒரு சிறு அறிவிப்பைப் படித்தான். வெளிச்சத்தைவிட நிழலில் வளரும் குஞ்சுகளுக்கு வால் மெதுவாகவே வளர்கிறது என்று அதே ஆய்வகம் பத்தாண்டுக்கு முன் எழுதிய கட்டுரையை, அந்த ஆய்வகமே திரும்பப் பெற்றிருந்தது. யாரும் குறை சொல்லாத கட்டுரை அது. அவன் பேராசிரியையைக் கூப்பிட்டான்.

"நீங்க கிளம்பின மறுவாரம் அக்கா வந்து நின்னாங்க," என்றார் அவர். "நிழல் செட்டுக்குக் கறுப்புக் கிண்ணம் வேணும்னு மாணவர் அலமாரியிலேர்ந்து எடுத்தோம், அதெல்லாம் சோப்புப் போட்டது, வெளிச்சத்து செட்டு மட்டும்தான் என் கிண்ணம்னு சொன்னாங்க. பழைய பேப்பர், யாரும் பாக்க மாட்டாங்க, விட்ருங்கன்னேன். கேக்கலை. மூணு தரம் செஞ்சு கொண்டாந்து வெச்சாங்க. நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் வித்தியாசமே இல்ல. எல்லாம் சோப்பு."

அறிவிப்பின் கீழே கட்டுரையை எழுதியவர்களின் பெயர்கள் நான்கு இருந்தன. மூன்று அவனுக்குத் தெரிந்தவை. நான்காவது யார் என்று கேட்டான்.

"அக்காதான். அவங்க பேரை உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார் பேராசிரியை. "பாசிச் சாறு பேப்பர்லகூட நன்றின்னு ஒரு வரிதான் போட்டோம். இத்தனை வருஷத்துல அவங்க பேர் அச்சுல வந்த ஒரே பேப்பர் இதுதான்."